ஞாயிறு என்று அழுத்தியவர்கள்

என் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் இல்லை இது. என் கையால் எழுதியது. உறையின் மேல் உன் விலாசம் இருக்கிறதே, அதுவும் நான் எழுதியதுதான். முதலில் உறையைத்தான் எழுதினேன். எழுதி முடித்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அன்றைய பொழுது போய்விட்டது. கடிதத்துக்கு நேரம் இல்லை.

கடிதம் என்றால் முதலில் நலம் சொல்ல வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் நலமாக இருக்கிறேன். ஏணி ஏறி ஏறிக் கெட்டுப்போன முட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சிரிக்கிறாள். அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். நான் மெதுவாக எழுதுகிறவன், பொறுத்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் அடித்தால் அம்மாதான் எடுக்கிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வேலை எப்படி என்று கேட்கிறாள். நீ, “ஓட்டல்ல கூட்டம் ஜாஸ்திம்மா, சீசன் முடிஞ்சதும் லீவு போட்டுட்டு வரேன்” என்கிறாய். அவள், “அவசரமில்லடி, நிதானமா வா” என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தருகிறாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவசரம்தான் என்று நான் எப்படிச் சொல்வது? அதனால்தான் காகிதம். காகிதம் என்றால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். சற்று முன்தான் எட்டிப் பார்த்து, “கோடு கோணாம எழுதுறீங்களே, சுவத்துக்கு பார்டர் அடிக்கிற மாதிரி” என்றாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

நீ எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்ட எழுத்து வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். நூலகத்துக்கு மேலே ஒரு நீள அறை. கீழே படிக்கத் தெரிந்தவர்கள், மேலே நாங்கள். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. லாண்டரி அக்கா வருகிறார், நம் தெரு வங்கியில் வாட்ச்மேனாக இருந்தவர் வருகிறார், இன்னும் சிலர். எல்லாரும் வேலையை விட்டவர்கள், இல்லை வேலை கைவிட்டவர்கள். டீச்சரம்மாவுக்கு உன்னைவிட வயது குறைவு. ஆளாளுக்கு ஒரு பழைய போன் தருவார். வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கிப் பெட்டியில் வைப்பார்.

அந்தப் போனில்தான் குவிஸ். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குப் புதிது. கேள்வி சுவரில் விழும். டீச்சரம்மாவின் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டு ஓடும், அது முடிவதற்குள் பதில் அழுத்த வேண்டும். போனில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு கட்டம். பாட்டு நின்றதும் சுவரில் அதே நிறங்களில் நான்கு தூண்கள் எழும்பும். எத்தனை பேர் எதை அழுத்தினார்களோ அத்தனை உயரம். யார் அழுத்தினார்கள் என்று பெயர் வராது. தூண் மட்டும்தான். பெயரும் நாமே வைத்துக்கொள்ளலாம். நான் ‘பெரிய பிரஷ்’. அம்மா ‘ஊசி’. வாட்ச்மேன் தன் பெயரை ‘மேனேஜர்’ என்று போட்டுக்கொண்டார். இத்தனை நாள் வாசலில் நின்றதற்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.

ஆரம்பத்தில் நான் செய்த கூத்தைக் கேள். எலுமிச்சம்பழத்தின் படத்தைப் போட்டு இதன் பெயர் எது என்று கேட்டார்கள். நான் மஞ்சளை அழுத்தினேன். இலைக்குப் பச்சை. வானத்துக்கு நீலம், அதிலும் கொஞ்சம் வெள்ளை கலந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கட்டத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. நிறத்தைக் காட்டிக் கேட்டால் பெயிண்டர் வேறு என்ன செய்வான்? பானைப் படத்துக்கு என்ன அழுத்துவது என்று தெரியாமல் நான் விழித்தபோதுதான் டீச்சரம்மாவுக்கு விஷயம் புரிந்தது. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளி, “மானத்த வாங்காதீங்க, எழுத்தப் பாருங்க” என்றாள்.

அதற்குப் பிறகு பார்த்தேன். பார்த்துப் பார்த்து வந்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். மருந்துக் கடைக் கண்ணாடியைப் படிக்கிறேன். நான் காலமெல்லாம் தூக்கிய பெயிண்ட் டப்பாவில், ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று எழுதியிருக்கிறது, தெரியுமா? அந்த டப்பாவின் மேல் உட்காரவைத்துத்தான் அம்மா உனக்குத் தலை பின்னிவிடுவாள்.

என்னைவிட அம்மாதான் கெட்டிக்காரி. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்த கை, விரல் அப்படிப் பறக்கும். குவிஸில் சீக்கிரம் அழுத்துகிறவர்களுக்கு மதிப்பெண் அதிகம். முடிவில் சுவரில் மூன்று படிக்கட்டு வரும், மேள சத்தம் கேட்கும், உச்சிப் படியில் ‘ஊசி’ என்று வரும். அவள் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு உட்காருவாள். ஒரே ஒரு கெட்ட பழக்கம், அவளுக்கு வாய்க்குள் படிக்க வராது. சத்தமாகப் படித்து, பதிலையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவாள். பாட்டு ஓடுவதால் முன்னால் நிற்கும் டீச்சரம்மாவுக்குக் கேட்காது. எங்கள் மேசைக்கு மட்டும் கேட்கும். வாட்ச்மேனுக்கு அதில்தான் பிழைப்பே ஓடியது.

இதுவரை எழுதியது போன வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய். மிச்சத்தை எழுதுகிறேன்.

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் கேள்வி ஒன்றேதான். இன்று என்ன கிழமை? கை பழகுவதற்காக வைத்திருக்கிற கேள்வி. எல்லாரும் சரியாக அழுத்துவோம். ஒரே ஒரு தூண், நெட்டையாக நிற்கும். டீச்சரம்மா கை தட்டிவிட்டுப் பாடத்துக்குப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நெட்டைத் தூணுக்குப் பக்கத்தில் மஞ்சளில் குட்டையாக ஒன்று எழும்பியது. அதன் தலையில் 1 என்று போட்டிருந்தது. ஞாயிறு. யாரோ விரல் தவறி அழுத்திவிட்டார்கள் என்று டீச்சரம்மா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள், “ஞாயித்துக்கெழமை” என்று சொல்லிவிட்டு அழுத்தியதை நான் கேட்டேன். வாட்ச்மேனும் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் அந்த மஞ்சள் 1. அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. தூணைப் பார்த்தாள், பிறகு சுற்றி இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒருத்தர் யார் என்று அவளும் தேடினாள்.

அடுத்த வகுப்பில் அவள் ஞாயிறு என்றதும் நானும் ஞாயிறு என்று அழுத்தினேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. தூணில் 2 வந்தது. அம்மா, “பாத்தீங்களா, இன்னொருத்தரும் அதத்தான் போட்டிருக்காங்க” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அப்படித்தான். கொஞ்ச நாளில் 3 வந்தது. வாட்ச்மேன் மேசையைப் பார்த்துக்கொண்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு லாண்டரி அக்கா. பிறகு பின்மேசைக்காரர்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா புதன் என்றால் அன்று வகுப்புக்கே புதன். ஞாயிறு என்றால் ஞாயிறு.

பாவம் டீச்சரம்மா. எலுமிச்சம்பழம் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கிழமை தெரியவில்லையே என்று குழம்பிப்போனார். காலண்டர் கொண்டுவந்து மாட்டினார். ஏழு கிழமையையும் ஏழு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகளைப் போல ராகம் போட்டுப் பாடவைத்தார். நாங்கள் கிழட்டுக் குரலில் பாடினோம். பாடி முடித்து, அம்மா சொன்னதை அழுத்தினோம்.

அந்தக் குவிஸ் ஒவ்வொரு வகுப்பின் கணக்கையும் மேலிடத்துக்கு அனுப்பிவிடுமாம். எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒரு மேடம் வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றும் வெள்ளிக்கிழமைக்கு அத்தனை பேரும் ஞாயிறு. ஒரே தூண், மஞ்சளில், நெட்டையாக. மேடம், “கிழமைகூட இன்னும் சொல்லிக்கொடுக்கலையா? இப்படியே போனா இந்த வகுப்ப எதுக்கு நடத்தணும்னு கேப்பாங்கம்மா” என்றார். அம்மா பக்கத்தில் இருக்கும்போது நாங்கள் என்ன சொல்வது? வாட்ச்மேன்தான் எழுந்து, “மேடம், கெழமையெல்லாம் வேலைக்குப் போறவங்களுக்கு. எங்களுக்கு வாரம் பூரா ஞாயித்துக்கெழமதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அம்மாவை லாண்டரி அக்காவோடு உட்காரவைத்துவிட்டு, மாடிப்படியில் டீச்சரம்மாவிடம் சொன்னேன். நாங்க எல்லாம் வேணும்னேதான் அழுத்துறோம், ஒரு ஆள் மட்டும்தான் நிஜமா அழுத்துது என்றேன். அவர் நின்ற இடத்திலேயே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். அதில் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறது. ‘ஊசி’ என்ற பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தப்பு. முதலில் எல்லாம் பச்சை. பிறகு நடுநடுவே சிவப்பு. பிறகு சிவப்பு மட்டும். கிழமை மட்டும் இல்லை கண்ணு, எழுத்தும். கிழமையைத் தவிர மற்றதற்கெல்லாம் படித்ததுபோல வாயை மட்டும் அசைத்துவிட்டுக் கைக்கு வந்ததை அழுத்தியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. டீச்சரம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் தூணத்தான் பாத்தேன் ஐயா, ஆளப் பாக்கல” என்றார். டாக்டரிடம் காட்டச் சொன்னார். மேடத்துக்கு அவரே எழுதிவிட்டாராம். வகுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையா என்று நீ கேட்கலாம். என் நீலச் சட்டையில் ஒரு பொத்தானை ஒட்டி இன்னொரு பொத்தான் தைத்து வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வேலையில்லாத கை சும்மா இருக்காது என்று நினைத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் டாக்டரிடம் போனேன். வேறு சட்டை துவைக்கவில்லை.

டாக்டர் நல்ல மனிதர், அவசரப்படவில்லை. அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, இன்று என்ன கிழமை என்பது. அந்த அறையில் பாட்டு இல்லை, நிறம் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், “இதெல்லாம் போன்ல கேக்கணும் டாக்டர். வாயில கேட்டா எப்படி?” என்றாள். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். என் கட்டைவிரல் முழங்காலில் அழுத்திக்கொண்டிருந்தது. என்ன கிழமை என்று அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வியாதியின் பெயரைச் சீட்டில் எழுதிக்கொடுத்தார். நானே படித்தேன். இன்னொருவரிடம் காட்டிக் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மாத்திரை உண்டு, திருப்ப முடியாது, தள்ளிப்போடலாம் என்றார். புதிதாக வந்தது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்றார். எழுத்துதான் கடைசியாக வந்தது, அதுதான் முதலில் போயிருக்கிறது. முகங்களெல்லாம் எப்போது என்று கேட்டேன். “அத யாராலயும் சொல்ல முடியாதுங்க” என்றார். கீழே வந்து அம்மாவுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன், நானும் குடித்தேன். சூடாக இருந்ததா என்று தெரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை கண்ணு. பட்டி பார்த்துவிட்டுக் காயவிட்ட சுவர் மாதிரி இருக்கிறேன். அதன் மேல் ஒன்றும் அடிக்க முடியாது, காத்துக்கொண்டிருக்க வேண்டும். காலையில் எழுந்து பால் வாங்குகிறேன், அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன், தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கிறேன். படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

இதை மூன்றாவது தடவையாக உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல்தான் சொல்ல வந்தது.

டீச்சரம்மா அம்மாவுக்கென்று ஒரு குவிஸ் செய்தார். பாடம் இல்லை, நம் வீட்டுப் படங்கள். என் போனிலிருந்து எடுத்துக்கொண்டார். போன வாரம் வகுப்பு முடிந்த பிறகு அதை ஓட்டினார். வாட்ச்மேனும் லாண்டரி அக்காவும் போகாமல் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்குப் போன் இல்லை. விளையாடியது அம்மாவும் நானும் மட்டும்தான். பதில்களை டீச்சரம்மா நிறம் சொல்லி வாய்விட்டுப் படித்தார்.

முதலில் நான் ஏணியில் நிற்கிற படம். “இது தெரியாதா, நம்ம பெயிண்டரு” என்று டக்கென்று அழுத்தினாள். இரண்டு பேரும் சரி. அடுத்து நம் வீட்டுக் கதவு. அதுவும் சரி. மேள சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள், பழையபடி. எனக்குக்கூட அப்போது, டாக்டர் சொன்னது அவ்வளவு சரியில்லையோ என்று தோன்றியது.

மூன்றாவது உன் படம். ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பாயே, அது. இது யார்? சிவப்பு மகள், நீலம் அக்கா, மஞ்சள் டீச்சர், பச்சை தெரியாது.

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. “எங்கக்கா! எவ்ளோ நாளாச்சு இவளப் பாத்து. எப்ப வந்தா?” என்று சொல்லிக்கொண்டே நீலத்தை அழுத்தினாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் நீலத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பழகிய இடம் அதுதான், அவள் எங்கேயோ அங்கே. வாட்ச்மேன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நீலத்தை அழுத்திவிட்டால் சுவரில் ஒரே தூண் எழும்பும். சிவப்புக்கு ஒன்றுமே இருக்காது. உன் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாக இருக்கிறது, அந்த அறையில் உன்னை மகள் என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் போய்விடும். கிழமை தப்பானால் ஒன்றுமில்லை. அது யாருடைய கிழமையும் இல்லை.

நான் சிவப்பை அழுத்தினேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அவளோடு சேர்ந்து போக என்னால் முடியவில்லை.

இரண்டு தூண்கள் எழும்பின. நீலம் 1, சிவப்பு 1. அம்மா சுவரைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு என் முட்டியைத் தட்டிக்கொடுத்து, “தப்பா அழுத்திட்டீங்களே. பரவால்ல விடுங்க, அடுத்ததுல பாத்துக்கலாம்” என்றாள்.

வா கண்ணு. சீசன் முடிந்து என்று சொல்லாதே. அவசரமில்லை என்று அம்மா போனில் சொல்வதைக் கேட்காதே. போனில் உன் குரல் அவளுக்கு இன்னும் தெரிகிறது, நீதான் என்று தெரிந்துதான் பேசுகிறாள். குரல் தெரியும்போதே முகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிடு.

வரும்போது அந்தக் கோட்டு வேண்டாம், வீட்டில் போடுகிற துணியில் வா. வாசலில் நின்று, நான் யாருன்னு தெரியுதா என்று மட்டும் கேட்டுவிடாதே. இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் அதைத்தான் கேட்கிறார்கள். நீ கேள்வி கேட்காதே. அம்மா, உன் மக வந்திருக்கேன் என்று விடையை நீயே முதலில் சொல்லிவிட்டு உள்ளே வா.

நல்லபடியாக வந்து சேர். நீ ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். இது அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வது. அவளைக் கேட்டுத்தான் எழுதினேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, நல்லா இருக்கட்டும் என்றாள்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய
உன் அப்பா